வடிவின் பன்னிரண்டு பாட்டு

மூன்றாவது சாப்ட்வேரும் வாயைத் திறந்து ஒரு பாட்டுப் போடுவதற்கு முன்னால் அவருடைய மெயில் விலாசத்தைத்தான் கேட்டது. என் வீட்டுக் கம்ப்யூட்டரில் கிடக்கிற என் பெண்டாட்டியின் பாட்டை என் வீட்டு ஹாலில் போடுவதற்கு உனக்கு எதற்கு என் விலாசம், கல்யாணப் பத்திரிகை அனுப்பப் போகிறாயா என்று ஆவுடையப்பன் மனசுக்குள் கேட்டார். முதலாவது கேட்டது, கொடுத்தார். இரண்டாவது கேட்டது, கொடுத்தார். அன்றிலிருந்து தினமும் காலையில் எவனோ ஒருவன் உங்களுக்காகவே பொறுக்கியெடுத்த பாடல்கள் என்று ஒரு மெயில் அனுப்பிக்கொண்டிருக்கிறான், உனக்கு என்னைத் தெரியுமா, நான் பொறுக்கித் தரச் சொன்னேனா. பணிக்காலம் முழுக்க ரயில் தபால் பிரிவில் ஊரார் விலாசங்களைத் தொட்டுத் தொட்டுப் பிரித்துப் போட்ட கை இது, தன்னுடைய விலாசத்தை மட்டும் கண்டவனிடம் கொடுக்கக் கூசுகிறது. எங்காவது ஒரு மூலையில் வேண்டாம் என்று சொல்ல ஒரு வழி வைத்திருப்பான், கண்ணுக்குத் தெரியாத சாம்பல் நிறத்தில் வைத்திருப்பான், அதைத் தேடவேண்டும். மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கித் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை கடக் என்றது. ஐப்பசி மழை காலையில் கொட்டிவிட்டு இப்போது வாதாம் மரத்து இலைகளில் மட்டும் மிச்சம் சொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் பிரம்பு நாற்காலியில் வடிவு இருந்தாள். மதியச் சாப்பாடு ஆகிவிட்டது, ரசஞ்சோறு, பீர்க்கங்காயைக் குழைய வதக்கிப் பிசைந்து ஊட்டினார், வாயைத் துடைத்துவிட்டார், வலது கையைத் தூக்கித் துண்டு விரித்த மடியில் வைத்தார், அது வைத்த இடத்திலேயே இருந்தது. அவள் வாதாம் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அல்லது அந்தப் பக்கம் முகம் இருந்தது, அவ்வளவுதான். எதைப் பார்க்கிறாள் என்று இப்போதெல்லாம் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. சாம்பல் எழுத்து அகப்பட்டது. அதை அமுக்கினார். விலாசம் கேட்ட பெட்டி ஒழிந்தது.

ஆனி மாதம் சாரல் அடித்த ஒரு காலையில் வடிவு அடுக்களையில் தோசைக் கரண்டியோடு நின்று எதையோ சொல்ல வந்தாள், சொல் வரவில்லை, கரண்டி விழுந்தது, அவள் விழுந்தாள். அதற்குப் பிறகு சொல் வரவேயில்லை. ஆஸ்பத்திரியில் பல்லைக் கடித்துக்கொண்டு அவளுடைய கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார், புரிகிறது என்று கண் சொன்னது, வாய் மட்டும் ஏதோ ஒன்றைத் தேடித் தேடி ஓய்ந்தது. கல்யாணமான நாளிலிருந்து வாய் ஓயாத பொம்பளை. காய்கறிக்காரன் தராசிலிருந்து எதிர்வீட்டுக்காரர் கட்டிய சுவர் வரைக்கும் அவளுக்கு எல்லாவற்றிலும் ஓர் அபிப்பிராயம் உண்டு, இவர் பேப்பருக்குப் பின்னால் ம் ம் என்று சொல்லியே காலத்தை ஓட்டியவர். கொஞ்சம் சும்மா இரேன் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார், அது பலித்ததாக நினைக்கக்கூடாது, அப்படியெல்லாம் நினைத்தால் பைத்தியம் பிடித்துவிடும், அதை நினைக்காமல் இருப்பதற்குத்தான் தினமும் பாதி நாள் போகிறது. பேச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்க வருகிற அந்தப் பெண்தான் முதலில் சொன்னாள், "மண்டையில பேச்சு ஒரு பக்கம் இருக்கும் சார், பாட்டு இன்னொரு பக்கம் இருக்கும். இவங்களுக்குப் பிடிச்ச பாட்டு ஏதாவது போட்டுப் பாருங்க." போட்டுப் பார்த்தார். வடிவுக்குப் பிடித்த பாட்டு என்றால் பன்னிரண்டுதான். கல்யாணத்துக்கு முந்தி சங்கரன்கோவிலில் ஒரு ரிக்கார்டிங் கடையில் பாட்டின் பெயர்களைச் சொல்லி ஒரு காலி கேசட்டில் பதிந்து வாங்கியது, டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் அவளோடு வந்தது. நாடா தேய்ந்து கிழவி குரல் ஆவதற்கு முன்னால் மகள் சுகந்தி அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்துவிட்டுத்தான் பூனாவுக்கு வேலைக்குப் போனாள். பெயர் போடப் பொறுமையில்லாமல் ஒன்று இரண்டு மூன்று என்று நம்பர் மட்டும் போட்டுவைத்தாள். அந்த ஒன்றாம் நம்பரைப் போட்டதும் வடிவு பாடினாள். அம்மா என்று சொல்ல முடியாத வாய், தண்ணி என்று சொல்ல முடியாத வாய், முழுப் பாட்டையும் ஒரு வார்த்தை தட்டாமல் பாடியது. ஆவுடையப்பன் அடுக்களைக்குப் போய் ஸிங்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். அதன் பிறகு தினமும் சாயங்காலம் பன்னிரண்டு பாட்டும் அவள் பாடினாள், வீட்டில் ஒரு குரல் இருந்தது, அவர் அதை வைத்துக்கொண்டு பிழைத்துக் கிடந்தார்.

இப்போது அதுவும் நின்றுவிட்டது. பதினைந்து நாளா, அதற்கு மேலேயா, எண்ணிப் பார்க்க அவருக்குத் துணிச்சல் இல்லை. கம்ப்யூட்டர் ஒருநாள் தன்பாட்டுக்கு என்னவோ புதுப்பித்துக்கொள்கிறேன் என்று சொல்லிச் சுற்றிச் சுற்றி நின்றது, கடையிலிருந்து எட்வின் வந்து சரிபண்ணினான், சரிபண்ணியதில் பழைய பாட்டுப் பெட்டி திறக்க மறுத்தது. "அது ரொம்பப் பழசு சார், இனிமே ஓடாது. வேற ஒண்ணு போட்டுக்கிடுங்க, நெட்டுல சும்மாவே கெடைக்கி" என்று எட்வின் சொல்லிவிட்டுப் போனான். வேற ஒன்று போட்டார். பாட்டு என்னவோ பாடத்தான் செய்தது. வடிவு முதல் பாட்டைப் பாடினாள், பிறகு பாடவில்லை. மறுநாளும் அப்படியே. அப்புறம் முதல் பாட்டும் நின்றது. சத்தம் வேறு மாதிரி இருக்கிறது, அதுதான் காரணம், பழையதில் இன்னும் கொஞ்சம் கனமாக இருந்தது என்று ஆவுடையப்பன் முடிவுகட்டினார். ஸ்பீக்கரை ஜன்னல் பக்கம் நகர்த்தினார். எட்வினுக்குப் போன் போட்டார். "எல்லாத்துலயும் ஒரே பாட்டுதான் சார் பாடும். பிளேயர மாத்துனா பாட்டு எப்படி மாறும்" என்றான். நியாயமான கேள்விதான். ஆனால் பிளேயரில் கோளாறு இல்லை என்றால் கோளாறு எங்கே இருக்கிறது? கம்ப்யூட்டரில் இருந்தால் எட்வின் இருக்கிறான். வடிவுக்குள் இருந்தால் யார் இருக்கிறார்கள்? அந்த இடத்துக்கு வந்ததும் அவருடைய புத்தி முள்ளில் மாட்டிய வேட்டி மாதிரி நின்றுவிடும், அதற்கு மேல் இழுத்தால் கிழியும், மெதுவாகப் பின்னால் வந்து மறுபடியும் பிளேயரையே பிடித்துக்கொள்ளும். ஆகவே இரண்டாவது. அதில் பாட்டுக்கு நடுவில் ஒருத்தி வந்து பல்பசை விற்றாள். ஒருவேளை பழைய பெட்டியில் பச்சைக் கோடுகள் பாட்டுக்குத் தகுந்தாற்போல் குதித்துக்கொண்டிருக்குமே, வடிவு அதைப் பார்த்துத்தான் பாடினாளோ? அந்தக் குதிக்கிற கோடு எந்த சாப்ட்வேரில் இருக்கிறது என்று ஒரு காலைப்பொழுது முழுக்கத் தேடினார். பெரிய எழுத்தில் இறக்கிக்கொள் என்று மினுக்கியதையெல்லாம் அமுக்கியதில் வேண்டாத ஒரு தேடுபொறியும், ஜோசியம் சொல்லும் ஒரு பட்டையும் கம்ப்யூட்டரில் குடியேறின. மீன ராசிக்கு இன்று வாக்கில் கவனம் தேவை என்று அது சொன்னது. வடிவு மீன ராசி. அந்தப் பட்டையை எடுக்க எட்வினிடம் ஏச்சு வாங்கவேண்டியிருந்தது. கோடு குதிக்கிற பிளேயர் கடைசியில் கிடைத்தது, இதோ இந்த மூன்றாவது. உருவத்தில் பழையதைப் போலவே இருக்கிறது, கறுப்பு, அடியில் பொத்தான்கள், பக்கத்தில் நம்பர் வரிசை. இதிலும் பாடவில்லை என்றால்? பாடாவிட்டால் நாலாவது இருக்கிறது. உலகத்தில் எத்தனையோ பிளேயர் இருக்கிறது. பிளேயர் தீர்ந்துபோகாது. அவருக்கு அது ஒரு ஆறுதல்.

போன் அடித்தது. இந்த நேரத்துக்குச் சுகந்திதான், அவளுக்கு மதிய இடைவேளை.

"அப்பா, அம்மா சாப்ட்டாளா?"

"சாப்ட்டா. ரசஞ்சோறு. தூங்கல."

"பாடுதாளா?"

ஆவுடையப்பன் திரையில் இருந்த நம்பர்களைப் பார்த்தார். "ம்" என்றார்.

"நெசமாத்தான் சொல்லுதீங்களா? நேத்து அந்தப் பேச்சுப் பயிற்சி அக்கா எனக்குப் போன் பண்ணுனாங்க. அம்மா பாடுறது நின்னு போச்சுன்னாங்க. நீங்க எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலயேப்பா."

வாதாம் மரத்திலிருந்து ஒரு சொட்டு ஜன்னல் தகரத்தில் விழுந்தது.

"இன்னொரு தடவ சின்னதா ஸ்ட்ரோக் ஏதாச்சும் வந்திருக்கலாமாம்பா. நமக்குத் தெரியாமயே வருமாம். டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்லுதாரு. நான் சனிக்கிழம வாரேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. பிளேயர் சரியில்ல. வேற போட்டிருக்கேன்."

"பிளேயருக்கும் இதுக்கும் என்னப்பா சம்பந்தம்?" அவள் குரல் உடைந்து, பிறகு நேரானது. "சரி, ஒண்ணு செய்யுங்க. பாட்டப் போட்டுட்டு அம்மா வாயப் பாருங்க. பாடலன்னாலும் உதடு அசையுதான்னு பாத்துச் சொல்லுங்க. டாக்டர் கேக்கச் சொன்னாரு. சும்மா கம்ப்யூட்டரயே பாத்துக்கிட்டு இருக்காதீங்க."

வைத்துவிட்டாள். கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருக்கிறேனாமே. பின்னே, பார்க்காமல். ஆனால் அவள் சொன்னது உண்மைதான் என்று அவருக்கே தெரியும், பாட்டைப் போட்டுவிட்டு அவர் திரும்பி உட்கார்ந்ததே கிடையாது, முதுகுக்குப் பின்னால் குரல் வருகிறதா வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு, கண்ணைத் திரையில் ஒட்டிவைத்துக்கொண்டு இருந்தார். பாடுகிற நாளில் அது போதுமாக இருந்தது. பாடாத நாளில் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. அந்த முகத்தில் ஒன்றுமே இல்லையென்று ஆகிவிட்டால் அதை எங்கே கொண்டு வைப்பது. இன்னொரு தடவை சின்னதாக. நமக்குத் தெரியாமலேயே. எப்போது வந்திருக்கும், ராத்திரியிலா, அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோதா, அல்லது பல்பசைக்காரி பேசிக்கொண்டிருந்தபோதா, ஒரு சத்தமும் இல்லாமல் பன்னிரண்டு பாட்டையும் வழித்து எடுத்துக்கொண்டு போய்விட்டதா. அவர் எழுந்து தன் நாற்காலியைத் திருப்பி, வடிவுக்கு நேர் எதிரே, முழங்கால் இடிக்கிற தூரத்தில் போட்டுக்கொண்டார். மவுஸின் வயர் எட்டவில்லை, மேசையின் விளிம்பு வரை இழுத்துவைத்தார். "வடிவு, பாட்டுப் போடுதேன்" என்றார். அவள் மரத்திலிருந்து முகத்தைத் திருப்பி அவருடைய சட்டைப் பொத்தானைப் பார்த்தாள். ஒன்றாம் நம்பரை அமுக்கினார்.

முதல் பாட்டு படகுப் பாட்டு. துடுப்புச் சத்தம் மாதிரி ஒரு தாளத்தில் ஆரம்பிக்கும். ஆவுடையப்பனுக்குப் பாட்டில் பெரிய ஞானம் கிடையாது, எல்லாப் பாட்டும் நன்றாகத்தான் இருக்கும், ஒன்று போய் ஒன்று வந்தால் அவருக்கு வித்தியாசம் தெரியாது, கல்யாணமான புதிதில் இதைச் சொல்லி வடிவிடம் அந்தக் காலத்துக்குத் தகுந்த ஒரு முறைப்பு வாங்கியிருக்கிறார். ஜங்ஷன் பக்கம் ஒண்டுக் குடித்தனத்தில் இருந்தபோது, ராத்திரி ரயிலில் தபால் பிரித்துவிட்டு வந்து பகலில் பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருப்பார், அவள் அடுக்களையில் மாவாட்டிக்கொண்டு டேப்பை ஓடவிட்டிருப்பாள், கூடவே பாடுவாள், பக்கம் முடிந்ததும் பொத்தான் டக்கென்று துள்ளும், மாவுக் கையோடு அங்கிருந்து ஒரு குரல் கொடுப்பாள், இவர் இந்தா வாரேன் என்று சொல்லிவிட்டுப் படித்துக்கொண்டிருக்கிற செய்தியை முடித்துவிட்டுத்தான் எழுந்து போய்க் கேசட்டின் மறுபக்கத்தை மாட்டுவார். அதற்குள் இரண்டாவது குரல் வந்திருக்கும், கொஞ்சம் காரமாக. அவளுடைய பாட்டுக்கு அவர் செய்த ஒரே ஊழியம் அதுதான். இப்போது அவர் அவளுடைய உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு நேரம் அந்த உதட்டைப் பார்த்ததில்லை என்று ஒரு கூச்சம் வந்தது. மேலுதட்டில் மெல்லிசாக மயிர் நரைத்திருந்தது. இடது ஓரத்தில் ஒரு சோற்றுப் பருக்கை, துடைத்தது போதாது. வலது ஓரம் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. படகு போய்க்கொண்டிருந்தது. உதடு அசையவில்லை. முதல் சரணம் முடிந்தது, அசையவில்லை. பாடு, வடிவு. ஒரு எழுத்துப் பாடு. எனக்காக வேண்டாம், அந்தப் பிள்ளை சனிக்கிழமை வரும்போது நான் என்ன சொல்லுவேன். இரண்டாவது சரணமும் முடிந்தது. துடுப்பு மெதுவாகித் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போனது. ஆக, இல்லை. மூன்றாவது பிளேயரிலும் இல்லை. நாலாவது எதைத் தேடலாம் என்று அவருடைய மனசு அப்போதே ஓட ஆரம்பித்துவிட்டது.

அப்போதுதான் அவளுடைய மோவாய் கொஞ்சம் நிமிர்ந்தது. பாட்டு முடிந்து இன்னொரு பாட்டு வருவதற்கு நடுவே இருக்கிற அந்தச் சின்ன இடைவெளி, பழைய நாடாவின் இரைச்சல் மட்டும் உஸ்ஸென்று ஓடுகிற இடம். மோவாய் நிமிர்ந்தது, மூக்குத்தி லேசாக அசைந்தது, அவள் மூச்சை உள்ளே இழுத்தாள், உதடு பிரிந்தது. பிரிந்து, ஏதோ ஒரு சத்தம் தொடங்கியது, தொடங்கியும் தொடங்காமல் இருக்கும்போது ஸ்பீக்கரிலிருந்து தவிலும் நாயனமுமாக ஒரு கல்யாணப் பாட்டு தடதடவென்று வந்து விழுந்தது. வடிவின் வாய் மூடிக்கொண்டது. இடது கை நாற்காலிக் கையை ஒருதரம் இறுகப் பிடித்துவிட்டு விட்டது. முகம் மறுபடியும் ஜன்னல் பக்கம் போனது. ஆவுடையப்பன் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். நான் பார்த்தேனா, அல்லது பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டதால் பார்த்தேனா. கல்யாணப் பாட்டை நிறுத்தினார். படகுப் பாட்டை மறுபடி போட்டு, மவுஸை வைத்துக் கோட்டை இழுத்து இழுத்துக் கடைசிக்குக் கொண்டுபோனார், ஒருதரம் இழுத்தது அதிகமாகிப் பாட்டே முடிந்துவிட்டது, மறுபடியும் முதலிலிருந்து இழுத்தார். துடுப்பு தேய்ந்தது. உஸ்ஸென்ற இரைச்சல் வந்தது. மோவாய் நிமிர்ந்தது. இந்தத் தடவை அவர் கல்யாணப் பாட்டை வரவிடவில்லை, நிறுத்தும் பொத்தானை ஓங்கி அமுக்கிவிட்டார். ஹாலில் மின்விசிறியின் கடக் மட்டும் இருந்தது. வடிவு மூச்சை இழுத்தாள், ஒரு நொடி காத்தாள், பிறகு பாடினாள். வாத்தியம் எதுவும் இல்லாமல், மெதுவாக, கரகரப்பாக, ஆனால் சுருதி பிசகாமல், குழந்தையைத் தொட்டிலில் ஆட்டுகிற ஒரு பாட்டின் முதல் அடியை. முதல் அடி, இரண்டாம் அடி. அங்கே நின்று, எங்கே வாத்தியம் என்று கேட்பதுபோல ஸ்பீக்கர் பக்கம் பார்த்தாள்.

போகவில்லை. ஒன்றும் போகவில்லை. பன்னிரண்டும் உள்ளே அப்படியே இருக்கிறது. ஆவுடையப்பனுக்கு எழுந்து நின்று எதையாவது செய்யவேண்டும் போலிருந்தது, யாரையாவது கட்டிப்பிடிக்கவேண்டும் போலிருந்தது, எட்வினாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் முதலில் அந்தத் தாலாட்டைக் கண்டுபிடிக்கவேண்டும், அவள் காத்துக்கொண்டிருக்கிறாள். கண்ணாடியைத் துடைத்துத் திரையில் இருந்த வரிசையைப் பார்த்தார். ஒன்று. பத்து. பதினொன்று. பன்னிரண்டு. இரண்டு. மூன்று. அதைப் பார்த்தார், வரிசை சரியாகத்தான் இருக்கிறது என்று வழக்கம்போல அவருடைய கண் சொன்னது. அப்புறம் மறுபடியும் பார்த்தார். ஒன்றுக்கு அப்புறம் எப்படிடா பத்து வரும். முதல் பிளேயரிலும் இப்படித்தான் இருந்தது, இரண்டாவதிலும் இப்படித்தான் இருந்தது, இத்தனை நாளும் இந்த வரிசையைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டுதானே இருந்தார், ஒரு நாளாவது உறுத்தியதா? உறுத்தாது. உறுத்தியிருக்காது. இப்படியே பிரித்துப் பிரித்து வளர்ந்த கண் இது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார்களே, முழு நம்பரைப் படிக்கக்கூடாது, முதல் இலக்கத்தை மட்டும் பார், ஆறா, ஆறு எழுதிய அலமாரிக் குழியில் போடு, ஒன்றா, ஒன்றோடு போடு, பெரிதா சின்னதா என்று யோசித்துக்கொண்டு நின்றால் ரயில் வந்துவிடும். பின்கோடு அப்படித்தான் பிரியும். ஒன்று, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, எல்லாம் ஒன்றில் ஆரம்பிக்கிறது, எல்லாம் ஒரே குழி, அதற்கப்புறம்தான் இரண்டு. கம்ப்யூட்டரும் ஒரு தபால் பிரிப்பவன் மாதிரி பிரித்து வைத்திருக்கிறது, இவரும் இன்னொரு தபால் பிரிப்பவனாக உட்கார்ந்து பலே என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பழைய பெட்டி பாவம், நம்பரை நம்பராகப் படித்திருக்கிறது. வேறு யாராவது, கடைக்குக் கணக்கு எழுதுகிறவனோ பள்ளிக்கூடத்துப் பிள்ளையோ வந்து பார்த்திருந்தால் அன்றைக்கே இது என்ன என்று கேட்டிருப்பார்கள். படகு முடிந்து தாலாட்டுக்கு மூச்சிழுத்தவளுக்கு நாள் தவறாமல் தவிலும் நாயனமும். படி இருக்கிறதென்று காலை வைத்து இல்லாமல் தடுமாறியவர்கள் பிறகு சமதரையிலும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார்கள், அவளும் அப்படி முதல் பாட்டையும் விட்டுவிட்டாள், ஆனாலும் விடாமல் அந்த இடைவெளியில் மட்டும் தினமும் ஒருதரம் வாயைத் திறந்து பார்த்திருக்கிறாள், இவர் முதுகைக் காட்டிக்கொண்டு கோடு குதிக்கிறதா என்று பார்த்திருக்கிறார். கூறுகெட்ட மனுஷன் என்று வடிவு சொல்வாளே, சரியான ஆளைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறாள். அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்புதானா என்று நிச்சயமாகத் தெரியவில்லை, தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது. வடிவு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரிசையை மாற்றுவதற்கு இந்த சாப்ட்வேரில் எங்காவது ஒரு வழி இருக்கும், அதையும் சாம்பல் எழுத்தில் வைத்திருப்பான், சுகந்தி வந்து பார்த்துக்கொள்ளட்டும், சனிக்கிழமை வரட்டும், அழுதுகொண்டு வருகிற பிள்ளை இதைக் கேட்டுக்கொண்டே உள்ளே நுழையட்டும். ஸ்கேனும் எடுக்கட்டும், டாக்டர் சொன்னால் எடுத்துத்தான் ஆகவேண்டும், ஆனால் அதைப் பற்றி இன்றைக்கு அவருக்குப் பயம் இல்லை. இப்போதைக்கு ஒவ்வொன்றாகக் கையால் போட்டுக்கொள்ளலாம். கையால் பிரித்துப் போடுவது அவருக்குப் புதிதா என்ன. இரண்டை அமுக்கினார். தொட்டில் ஆடியது, வடிவு விட்ட இடத்திலிருந்து அல்ல, முதலிலிருந்து பாடினாள், சொல் சொல்லாக, விடுபட்ட நாட்களுக்கும் சேர்த்துப் பாடுகிறவளைப் போலப் பாடினாள். முடிகிற நேரம் அவர் நிறுத்தும் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டார், இரண்டுக்கு அடியில் மூன்றுதான் இருந்தது, ஆனாலும் இனிமேல் அந்த வரிசையை அவர் நம்புவதாயில்லை. இடைவெளியில் அவள் மூன்றாவதின் முதல் சொல்லை எடுத்தாள், அவர் மூன்றைப் போட்டார், அது மழைப் பாட்டு. நாலு ஏதோ ஊடல். ஐந்து அம்மன் பாட்டு, அவள் இடது கையை நெஞ்சுக்குக் கொண்டுவந்து பாடினாள். வெளியில் மழை மறுபடியும் பிடித்தது, யாரோ தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள், கொடியில் அவருடைய வேட்டி நனைந்துகொண்டிருந்தது, நனையட்டும். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவர் இந்தப் பாட்டுகளை வரிசையாகக் கேட்டார், கேட்கக் கேட்க ஒன்று தெரிந்தது, ஒவ்வொன்றும் முடிகிற இடத்தில் அடுத்தது வந்து நிற்கத்தான் செய்கிறது, படகுக்குப் பின்னால் தாலாட்டு, தாலாட்டுக்குப் பின்னால் மழை, வேறு எப்படியும் இருக்க முடியாது என்பதுபோல. கல்யாணமாகாத ஒரு பெண் சங்கரன்கோவில் கடையில் நின்று இதற்கு அப்புறம் இது, அதற்கு அப்புறம் அது என்று சொல்லியிருக்கிறாள், அந்த முகம் அவருக்குத் தெரியாது, ஆனால் அந்தப் பிடிவாதம் தெரியும். ஆறைப் போட்டார். இது நீளமான பாட்டு. இருவர் பாடுவது, ஆண் குரலை விட்டுவிட்டுப் பெண் குரல் வரும்போது மட்டும் வடிவு பாடினாள், ஆண் குரல் வருகிறபோது அவரைப் பார்த்தாள், அவருக்குப் பாடத் தெரியாது என்று அவளுக்குத் தெரியும், சும்மா பார்த்தாள். கடைசிச் சரணத்தில் பெண் குரல் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது, ஒரு சொல்லின் பாதியில், பாட்டு அறுந்தது. வடிவும் அதே பாதியில் நிறுத்தினாள். ஆவுடையப்பன் பதறிப்போய்த் திரையைப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை, பாட்டே அவ்வளவுதான். கேசட்டில் அந்தப் பக்கத்து நாடா அங்கேதான் முடிந்தது, கடைக்காரன் கணக்குத் தவறி நீளப் பாட்டைக் கடைசியில் வைத்துவிட்டான், அதைச் சொல்லி வடிவு அவனை வருஷக்கணக்கில் திட்டியிருக்கிறாள். பழைய பெட்டியில் இது அறுந்த அந்த நொடியே ஏழாவது வந்துவிடும், மூச்சுவிட இடம் இருக்காது. இப்போது அவருடைய விரல் பொத்தானில் இருந்தது. எதுவும் வரவில்லை. மழை மட்டும் பெய்தது. இந்த இடத்தில் மோவாய் நிமிரும் என்று அவர் காத்திருந்தார், நிமிரவில்லை, உதடு அடுத்த பாட்டுக்குப் பிரியவில்லை.

வடிவு மடியில் இருந்த இடது கையை எடுத்தாள். எடுத்து, ஒரு சின்னப் பொருளைப் பிடித்திருப்பதுபோல் விரல்களைக் கூட்டி, மணிக்கட்டைப் புரட்டிக் காட்டினாள்.

"திருப்பி" என்றாள். நாக்கு எதிலோ இடறியது. கண்ணை மூடித் திறந்தாள். "திருப்பிப் போடுங்க."

பாட்டில்லை அது. பேச்சு. அடுக்களையிலிருந்து மாவுக் கையோடு வருகிற அதே குரல், கொஞ்சம் தேய்ந்து, கொஞ்சம் குழறி, ஆனால் அதேதான். ஆவுடையப்பனுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "இந்தா போடுதேன், இந்தா" என்றார், சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தார், ஏழு எங்கே இருக்கிறது, ஏழு ஆறுக்குக் கீழேதான் இருக்கவேண்டும், கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு எல்லா நம்பரும் ஒன்றன்மேல் ஒன்றாக மிதந்தன, கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், வேட்டி முனையால் முகத்தைத் துடைத்தார், மவுஸ் கையிலிருந்து நழுவி வயரில் தொங்கியது. பின்னால் பிரம்பு நாற்காலி கிறீச்சிட்டது. வடிவு மறுபடியும் சொன்னாள், இந்தத் தடவை கொஞ்சம் காரமாக.